பதினொரு வீடுகளின் பட்டியல்

கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். நான்காம் வகுப்பு வரை உள்ள பள்ளி. மலையாளப் பிரிவுதான் பெரியது. பின்பக்கம் ஒரு நீளமான அறையில் தமிழ்ப் பிரிவு. ஒரே ஒரு டீச்சர். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் அந்த ஒரே அறையில் நான்கு மூலைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அந்த அறையில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் தென்காசிப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டுக்காரருக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறேன். மகள் எங்களுக்கு ரொம்பத் தாமதமாகப் பிறந்தாள்.

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன், பிறகு இன்னொரு தடவை. அதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். மகளும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் அவளை மலையாளப் பிரிவில்தான் சேர்த்தோம். இந்த ஊரில் பிழைக்க வேண்டும் என்றால் அதுதான் நல்லது என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த வகுப்பில் அவள் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்காமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்தாள்.

அப்போது இருந்த தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். மலையாளத்துக்காரர். ஒருநாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் போய் அவர் அறை வாசலில் சுவரை ஒட்டி நின்றேன்.

"எந்தா, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கான் வந்நதா? உள்ளே கேறி வா."

உள்ளே போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"குட்டி வீட்டிலே பேசுமோ?"

"பேசுவா டீச்சர்."

"எந்த பாஷை?"

"தமிழ்தான்."

"நாளெ முதல் அவள் தமிழ் டிவிஷன். போய்க்கோ."

என் சம்மதத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் கோபமாக இருந்தார். ஆனால் பெரிய டீச்சரிடம் போய்க் கேட்க அவருக்கும் தைரியமில்லை. பதினைந்து நாளில் மகள் தமிழ்ப் பிரிவு டீச்சரைப் பற்றி வீட்டில் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். அந்த டீச்சர் அக்ரஹாரத்துத் தெருவில் இருப்பவர். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தினமும் எழுந்து நின்று ஏதாவது ஒன்று சொல்லச் சொல்வாராம், வீட்டில் என்ன குழம்பு என்பதாவது. ஒருநாள் என் மகள் எழுந்து, "எங்க வீட்ல இன்னிக்குச் சண்டை" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "உங்காத்துச் சமாச்சாரம் எல்லாம் இங்கே வந்துடறது, ஜாக்கிரதையா இருங்கோ." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

பெரிய டீச்சர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. தமிழ்ப் பிரிவு டீச்சரைப் பிள்ளைகள் முன்னாலேயே நிற்க வைத்துத் திட்டுவார். பெற்றோர் கூட்டத்தில் யாரையும் பேச விடமாட்டார். அவரே தீர்மானத்தை வாசிப்பார், அவரே "எல்லார்க்கும் சம்மதம்" என்பார், நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவோம். பேசத் தெரியாதவளுக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுவார்கள். எத்தனை பிரிவு, எத்தனை ஆசிரியர் என்று மேலே முடிவு செய்வது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். மே மாத வெயிலில் பெரிய டீச்சர் குடையோடு எங்கள் சந்துகளுக்குள் வருவார். பின்னாலேயே தமிழ்ப் பிரிவு டீச்சர் நோட்டோடு வருவார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவள் தன் பையனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தாள்.

"யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாச்சு டீச்சர்" என்றாள்.

"தையல்காரனோடு நான் பறஞ்ஞோளாம். திங்களாழ்ச்ச குட்டியைக் கொண்டு வா."

திங்கட்கிழமை அவள் பையனோடு போய் நின்றாள். "அந்தம்மா வாசல்ல வந்து நின்னா என்ன செய்ய முடியும் அக்கா? என் மாமியாரைக்கூட எதுத்துப் பேசிரலாம், இதுகிட்ட முடியாது" என்றாள்.

ஆறாவது நாள் காலை ஏழரைக்கே பெரிய டீச்சர் கேட்டில் நிற்பார். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆட்டோ போகும். காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து எண்ணிக்கை முடிந்ததும் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் வருஷா வருஷம் தமிழ்ப் பிரிவு பிழைத்தது. மகள் இரண்டாம் வகுப்பை முடித்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார்.

புதிதாக வந்தவர் ஒரு ஸார். வித்துராப் பக்கம் எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்தார். அங்கே பெற்றோரே முன்வந்து கழிப்பறை கட்டினார்களாம், தோட்டம் போட்டார்களாம். அவர் எல்லா விஷயத்திலும் பெரிய டீச்சருக்கு நேர் எதிர். நான் அவர் அறை வாசலில் நின்றால் எழுந்து வந்து உள்ளே கூட்டிப்போவார். முதல் கூட்டத்திலேயே நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரும் எங்களோடு வட்டத்தில் உட்கார்ந்தார்.

"இது என்னோட ஸ்கூல் அல்ல, நம்மோட ஸ்கூல்" என்று எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் சொன்னார். "நான் ஆர்டர் போட மாட்டேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து தீருமானிக்கணும். நான் கூடெ உண்டாவும்."

எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. தமிழ்ப் பிரிவு டீச்சர் வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்து வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல என்னை ஒருத்தர் 'உங்க அபிப்ராயம் என்ன'ன்னு கேட்டதில்லை. இன்னிக்குக் கேட்டா."

அந்த மே மாதம் பிள்ளைகளைச் சேர்க்க ஸார் ஒரு கமிட்டி போட்டார். தமிழ்த் தாய்மார் ஆறு பேர். அதில் நானும் இருந்தேன். நானாகக் கை தூக்கவில்லை. ஸார் வட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "சேச்சி ஒண்ணும் மிண்டாமல் எல்லாம் கேக்குது. அங்ஙனெ உள்ள ஆளைத்தான் நமக்கு வேணும்" என்றார். மிண்டாமல் என்றால் வாய் திறக்காமல். எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் மனசுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதே என் பெயரை எழுதிவிட்டார்கள்.

தமிழ்ப் பிரிவு டீச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். என் தாளில் பதினொரு வீடுகள் இருந்தன. மூன்று வீடுகள் ஆற்றோரத்துச் சந்தில். மற்ற எட்டும் மரக்கடைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகள், வரிசையாக ஒற்றை அறைகள். வேலைக்காகப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேதான் தங்குவார்கள். இந்த வருஷமும் எண்ணிக்கை குறைந்தால் தமிழ்ப் பிரிவை நிறுத்திப் பிள்ளைகளை மலையாளப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அது பள்ளி விஷயம். எனக்கு அது மகளின் வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு போனேன். முதல் வீடு பூட்டியிருந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வீட்டில் பிள்ளையை ஏற்கெனவே வேறு பள்ளியில் சேர்த்துவிட்டதாக ஒரு பெண் ஜன்னல் வழியாகவே சொன்னாள். மூன்றாவது வீட்டில் லுங்கி கட்டிய ஒரு ஆள் வந்து, "எந்தா?" என்றார். "ஒண்ணுமில்ல, வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு மரக்கடைப் பக்கம் போனேன். லைன் வீடுகளின் முன்னால் தண்ணீர்க் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்கள் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. யாரோ யாரையோ கேலி செய்ய மற்றவர்கள் சிரித்தார்கள். நான் போய் நின்றிருந்தால் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். சொன்னால் அடுத்த ஊர்க்காரி ஒருத்தியாவது இருந்திருப்பாள். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற நினைப்பு வந்ததும் கால் நின்றுவிட்டது. மரக்கடை ஓரமாக நின்று போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுவதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தேன். அடுத்த வாரம் வரலாம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் எனக்கு ஞாயிறு வேலை. கம்பெனியில் பெரிய ஹாலில் ஏதோ பயிற்சி நடந்தது. முடிந்ததும் வெள்ளைப் பலகையைத் துடைக்கப் போனேன். நிறைய அம்புக்குறிகள் போட்டு எழுதியிருந்தார்கள். நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த தமிழ்ப் பையனிடம் என்ன என்று கேட்டேன். "லீடர்ஷிப் கிளாஸ் அக்கா. வேலையைப் பிரிச்சுக் குடுத்துட்டு நம்பணுமாம். பின்னாடியே போய் நோண்டக் கூடாதாம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

கமிட்டி கூடியபோது ஸார் ஒவ்வொருவராகக் கேட்டார். பரோட்டா மாஸ்டர் மனைவி தனக்குக் கொடுத்த வீடுகளில் இரண்டு பிள்ளைகளைப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி ஒரு பிள்ளை. என் முறை வந்தது.

"சேச்சி?"

"போயிட்டு வந்தேன் ஸார். பிள்ளைங்க இல்ல."

"பதினொண்ணும் கண்டோ?"

"ஆமா ஸார்."

"கண்டோ, மழையும் வேலையும் எல்லாம் இருந்நும் சேச்சி பதினொரு வீடும் போயாச்சு" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லி எனக்குக் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எந்த வீட்டில் யார், என்ன சொன்னார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். பெரிய டீச்சராக இருந்தால் என் முகத்தைப் பார்த்ததுமே, "கள்ளம் பறயண்டா, குடையெடு" என்று, பொய் சொல்லாதே என்று அதட்டி, என் கையைப் பிடித்து லைன் வீடுகளுக்கு இழுத்துப் போயிருப்பார். ஸார் மனிதர்களை நம்புகிறவர். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

ஆறாவது நாள் எண்ணினார்கள். பிரிவு தொடரத் தேவையானதற்கு இரண்டு பிள்ளைகள் குறைவு.

நான்கு நாள் கழித்துச் சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் மனைவி வேகமாக வீட்டுக்குள் வந்தாள்.

"அக்கா, சங்கதி கேட்டியளா? எங்க வீட்டுக்காரர் ஓட்டல்ல பாத்திரம் கழுவ ஒரு பொம்பள புதுசா வந்திருக்கா. மரக்கடைக்குப் பின்னால லைன் வீட்ல இருக்காளாம். அங்க நாலு பிள்ளைக பள்ளிக்கூடம் போகாம சும்மா கெடக்காம் அக்கா, நாலு! பக்கத்துல தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குறதே தெரியாதாம். யாரும் வந்து கேக்கவே இல்லையாம்."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அந்த லைன் யாருக்குக் குடுத்தாவ?"

"தெரியல" என்றேன்.

"எந்தச் செறுக்கியோ போகாமலே போனேன்னு சொல்லியிருக்கா. கையில கெடச்சா உண்டு. நாளைக்குக் கூட்டம் அல்லே? எனக்கு வர முடியாது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். நீங்க கமிட்டில உள்ள ஆளு, நீங்க ஸார்கிட்ட சொல்லிருங்க. மறந்துராதீங்க."

"சொல்லுதேன்."

மறுநாள் கூட்டத்துக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'ஸார், நான் அந்த வீடுகளுக்குப் போகவில்லை. அங்கே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது போய்க் கூட்டி வருகிறேன்.' மூன்றே வாக்கியம். மலையாளத்திலும் தமிழிலும் தயாராக வைத்திருந்தேன்.

ஸார் எதையும் மறைக்கவில்லை. எண்ணிக்கை குறைந்ததைச் சொன்னார். பிரிவை நிறுத்தச் சொல்லிக் காகிதம் வரும் என்று சொன்னார். பிறகு மெதுவாக, எல்லோருக்கும் புரியும்படி தமிழில் சொன்னார்.

"இப்போழும் ஒரு வழி உண்டு. ஸ்கூல் சேராத தமிழ்ப் பிள்ளைகள் எவிடெயாவது உண்டென்னு ஆருக்காவது தெரியுமானால் பறயணும். பேரும் வீடும் கிட்டினால் போதும். நாளைக்கே நான் ஏ.இ.ஓ. ஆபீசிலே போய் ஒரு வாரம் டைம் கேக்கறேன். உண்டோ?"

தமிழ்ப் பிரிவு டீச்சர் வட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் கொஞ்சம் நின்றார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். லேசாகத் தலையசைத்து, சொல்லு என்பதுபோலப் பார்த்தார்.

எழுந்து நின்றால் முதல் வாக்கியம் 'நான் போகவில்லை' என்பது. எனக்குக் கை தட்டியவர்கள் எல்லோரும் அதே வட்டத்தில் இருந்தார்கள். முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். அப்படியானால், அந்த லைன் யாருடைய தாளில் இருந்தது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் தேடினேன்.

"உண்டோ?" ஸார் இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். எங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு பெண் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்தாள். தட்டு வட்டத்தைச் சுற்றி வந்தது. தட்டு என்னிடம் வந்தபோது ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது மட்டும் என்னால் முடிந்தது.

"சரி" என்றார் ஸார். "நம்மளால முடிஞ்சது நம்ம செஞ்சாச்சு. ஆரும் ஆரையும் குற்றம் பறயண்டா."

தமிழ்ப் பிரிவு டீச்சரை ஊருக்கு வெளியே வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். போகிற அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணைப் பேச விடுங்கோ. அவ பேசறதை நிறுத்தினா மறுபடி ஆரம்பிக்கறது கஷ்டம்" என்றார். அதற்கும் நான் தலையாட்டினேன். பரோட்டா மாஸ்டர் மனைவி, "சொன்னீங்களா?" என்று கேட்டாள். "சொன்னேன், நேரம் போயிருச்சுன்னாங்க" என்றேன். பொய் சொல்லும்போது மட்டும் எனக்கு நாக்கு தடுக்குவதில்லை.

பூஜை லீவுக்கு முன்னால் ஒருநாள், தாங்க முடியாமல், பள்ளிக்குப் போய் ஸாரிடம் சொல்லிவிட்டேன். அவர் தனியாக இருந்தார். வழக்கம்போல எழுந்து நாற்காலி போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கடையை, குழாயடியை, நாலு பிள்ளைகளை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சாரமில்ல சேச்சி" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "அது கமிட்டி எல்லாரும் கூடி எடுத்த பொறுப்பு. சேச்சி ஒராள் மட்டும் சுமக்கண்டா. பறஞ்ஞல்லோ, அது போதும்."

"அந்தப் பிள்ளைங்க ஸார்?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அடுத்த வருஷம் தமிழ்ப் பிரிவு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். நான் வெளியே வந்தேன்.

மகள் இப்போது இருக்கும் மலையாள வகுப்பு வராந்தாவின் கடைசியில். அவளுடைய இப்போதைய டீச்சர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மோளைப் பற்றி ஒரு கம்ப்ளெயிண்டும் இல்ல கேட்டோ. ஒரு சத்தம் கிடையாது. இரிக்கச் சொன்னா அவிடெத்தன்னெ இரிக்கும். நல்ல குட்டி."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளை அவளுடைய ரப்பரை எடுத்தது. எடுத்த கையை அவள் பார்த்தாள். தப்பாக எழுதியதை விரலால் தேய்த்து அழித்தாள். தாள் கிழிந்தது. டீச்சர் பக்கத்தில் நின்று என்னிடம் இன்னும் ஏதோ நல்லபடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கிழிந்த தாளைக் கையால் மூடிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.